ஸ்லக்கா, பெல்லட்டா? ஏர் ரைஃபிளில் தொலைதூரம் சுடத் தொடங்குவோருக்கு

நம்மில் பலர் முதன்முதலில் காற்றுத் துப்பாக்கியைக் கையில் எடுத்தது மெரினாவிலோ ஊர்த் திருவிழாவிலோ பலூன் சுடும் கடையில்தான். கடைக்காரர் பேரலை மடக்கி, சின்னதாக ஒரு ரவையைக் கட்டைவிரலால் அழுத்தி, நிமிர்த்திக் கொடுப்பார். பலகையில் கட்டிய பலூன் பத்தடி தூரத்தில் இருக்கும். அந்த ரவைதான் பெல்லட். பத்தடியில் அது எப்படிப் பறக்கிறது என்று யாரும் யோசிக்கத் தேவையில்லை. நூறு கெஜத்தில் யோசித்தே ஆக வேண்டும்.

இப்போது நான் இருப்பது கனடாவில், டொராண்டோவுக்கு வெளியே. நான் போகும் கிளப்பில் 25 மீட்டர், 50 மீட்டர், 100 கெஜம் என மூன்று தூரங்களில் தாள் மாட்டலாம். புதிதாக பிசிபி ரைஃபிள், அதாவது முன்கூட்டியே அழுத்திய காற்றில் இயங்கும் ரைஃபிள், வாங்கி வரும் நம் பிள்ளைகள் முதல் வாரமே கேட்பார்கள்: "அண்ணா, ஸ்லக் போட்டா இன்னும் துல்லியமா இருக்குமாமே?" ஸ்லக், அதாவது சிறிய தோட்டா போன்ற ஈயக் குண்டு, காற்றில் குறைவாக ஒதுங்கும். அது உண்மை. ஆனால் காற்றில் குறைவாக ஒதுங்குவது வேறு, துல்லியம் வேறு. உங்கள் பேரலுக்குப் பிடிக்காத ஸ்லக், நல்ல பெல்லட்டைவிட மோசமாகவே சுடும். எது எப்போது பொருந்தும் என்பதை உங்கள் துப்பாக்கியிலேயே கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உடுக்கையும் பம்பரமும்

பெல்லட்டை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அச்சு அசலாக உடுக்கை. முன்னே தலை, நடுவே ஒடுங்கிய இடை, பின்னே உள்ளீடற்ற பாவாடை. எடை முழுக்கத் தலைப்பக்கம் இருக்கிறது. பாவாடை காற்றை வாங்கிப் பின்னிழுக்கிறது. இறகுப்பந்தை எப்படி அடித்தாலும் தலை முன்னே திரும்பிக்கொள்வது போல, பெல்லட்டும் தன்னைத் தானே நேராக்கிக்கொள்ளும். பேரலின் வரிப்பள்ளங்கள் தரும் சுழற்சி அதற்கு ஓர் உதவி மட்டுமே. சுடும்போது மெல்லிய பாவாடை காற்றழுத்தத்தில் விரிந்து பேரலின் சுவரோடு ஒட்டிக்கொள்வதால், அளவில் சிறு பிசகு இருந்தாலும் சமாளித்துவிடும். பலதரப்பட்ட துப்பாக்கிகளிலும் பெல்லட் ஓரளவு நன்றாகச் சுடுவதற்கு இந்த இரண்டும்தான் காரணம்.

இதற்குக் கொடுக்கும் விலை, தன்னை நேராக்கும் அதே பாவாடை வேகத்தையும் தின்றுவிடுவது. இறகுப்பந்தை எவ்வளவு பலமாக அடித்தாலும் பாதி வழியில் சோர்ந்துவிடுகிறது அல்லவா, அதே கதைதான்.

ஸ்லக் என்பது இடை ஒடுங்காத ஈயத் துண்டு. பார்க்கச் சிறிய தோட்டா போலவே இருக்கும். மூக்கில் பெரும்பாலும் ஒரு குழி, அடியில் தட்டையாகவோ சிறு கிண்ணம் போலவோ ஓர் அமைப்பு. இதைப் பின்னிழுத்து நேராக்க எதுவும் கிடையாது. முழுக்க முழுக்கப் பம்பரம். போதிய சுழற்சி இருந்தால் ஆடாமல் நிற்கும், இல்லையென்றால் தள்ளாடும். அப்படிச் சுழலும்போது காற்றை வெட்டிச் செல்வதில் பெல்லட் அதன் அருகில்கூட வராது.

இந்த வேறுபாட்டைச் சொல்லும் எண்தான் பி.சி. என்று டப்பாக்களில் பார்க்கும் பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட். பாயின்ட் 22 அளவில், அதாவது 5.5 மி.மீ.யில், நல்ல பெல்லட்டுக்கு அது 0.03 அளவில் இருக்கும். ஸ்லக்குகளுக்கு 0.06 முதல் 0.1 வரை போகும். எண் கூடினால் வேகம் மெதுவாகக் குறைகிறது என்று பொருள். காற்றழுத்தத்தில் திடமான குண்டைச் சுடுவது புதுமையும் அல்ல. 1780 வாக்கில் ஆஸ்திரியப் படை ஜிரார்டோனி காற்று ரைஃபிளில் ஈய உருண்டைகளைச் சுட்டது.

தூரத்தையும் ஆற்றலையும் முதலில் முடிவு செய்யுங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் இரண்டு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். எவ்வளவு தூரம் சுடப் போகிறீர்கள்? உங்கள் துப்பாக்கி எத்தனை ஜூல் தருகிறது?

கணக்கைக் காட்டினால் புரியும். ஒரு பக்கம் 18 கிரெய்ன், அதாவது 1.17 கிராம், எடையுள்ள பெல்லட், விநாடிக்கு 268 மீட்டர் வேகம், பி.சி. 0.033. இன்னொரு பக்கம் 25 கிரெய்ன் ஸ்லக், 283 மீட்டர் வேகம், பி.சி. 0.075. விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் குறுக்கே காற்று வீசுகிறது. முகத்தில் இதமாக உணரும் காற்றுதான், இலைகள் அசையும், அவ்வளவே.

25 மீட்டரில் பெல்லட் 1.6 செ.மீ. ஒதுங்கும், ஸ்லக் 0.7 செ.மீ. இதற்காக யாரும் ஸ்லக் வாங்க வேண்டாம். 50 மீட்டரில் பெல்லட் ஏறக்குறைய 7 செ.மீ., ஸ்லக் 3 செ.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது. 100 கெஜத்தில், அதாவது 91 மீட்டரில், பெல்லட் 24 செ.மீ. ஒதுங்கும், ஸ்லக் 10 செ.மீ. காற்றின் வேகத்தை மூன்றில் ஒரு பங்கு தவறாகக் கணித்தீர்கள் என்றால் பெல்லட்டில் 8 செ.மீ. தள்ளிப் படும், ஸ்லக்கில் 3 செ.மீ.க்குச் சற்று மேல். ஸ்லக்கின் நன்மை முழுவதும் இங்கேதான் இருக்கிறது: உங்கள் கணிப்புத் தவறை அது பாதிக்குமேல் மன்னிக்கிறது.

வேகத்தையும் பாருங்கள். அதே 100 கெஜத்தில் பெல்லட் 178 மீட்டருக்குத் தேய்ந்துவிடும். ஸ்லக் 230 மீட்டருக்குமேல் வைத்திருக்கும்.

இப்போது கணக்கின் மறுபக்கம். மேலே சொன்ன பெல்லட் 42 ஜூல், ஸ்லக் 65 ஜூல். இவ்வளவு ஆற்றல் எல்லா நாட்டிலும் சும்மா கிடைக்காது. கனடாவில் வேகம் விநாடிக்கு 152.4 மீட்டரையும் ஆற்றல் 5.7 ஜூலையும் சேர்த்துத் தாண்டினால், காற்றுத் துப்பாக்கியும் சட்டப்படி துப்பாக்கிதான். உரிமம் வேண்டும். இங்கிலாந்தில் உரிமமில்லாத ரைஃபிளுக்கு 12 அடி-பவுண்ட் வரம்பு, நம் அளவில் 16.27 ஜூல். ஸ்காட்லாந்தில் அதற்கும் கீழே இருந்தாலும் சான்றிதழ் தேவை. ஜெர்மனியில் 7.5 ஜூல். இந்தியாவில் துளை 4.5 மி.மீ.க்கு மேலிருந்தாலோ ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ உரிமம் வேண்டும்.

16 ஜூலில் 25 கிரெய்ன் ஸ்லக்கைத் தள்ளினால் வேகம் 140 மீட்டர்தான். 50 மீட்டர் போவதற்குள் ஏறக்குறைய 68 செ.மீ. விழும். அதே ஆற்றலில் 16 கிரெய்ன் பெல்லட் 50 செ.மீ. விழும். ஏட்டுக் கணக்கில் அப்போதும் ஸ்லக் காற்றில் குறைவாகத்தான் ஒதுங்கும். ஆனால் குறைந்த அழுத்தக் காற்று, பேரலை இறுகப் பிடிக்கும் திடமான ஈயத்தை ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் தள்ளுவது கடினம். தூரத்தை இரண்டு மீட்டர் தவறாகக் கணித்தாலும் குறி மேலும் கீழும் ஓடிவிடும். ஆகவே 20 ஜூலுக்குக் கீழ் இருப்பவர்கள் இந்தக் கட்டுரையில் பேரல், தாள், காற்று பற்றிய பகுதிகளை எடுத்துக்கொண்டு பெல்லட்டிலேயே இருங்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. ஃபீல்ட் டார்கெட் போட்டியில் 16.27 ஜூல் துப்பாக்கியால், 50 மீட்டரில் 40 மி.மீ. வட்டத்தை பெல்லட்டால்தான் அடிக்கிறார்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக் களத்தில் சுட்டதும் தட்டைத் தலை பெல்லட்தான். 10 மீட்டரில் அவர்கள் குறிவைக்கும் பத்துப் புள்ளி அரை மில்லிமீட்டர் அகலம்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. பிசிபி துப்பாக்கியில் எந்த அமைப்பையும் தொடாமல் எடை கூடிய குண்டைப் போட்டாலே பெரும்பாலும் ஆற்றல் கூடும். பெல்லட்டில் 15.5 ஜூல் காட்டும் துப்பாக்கி, கனமான ஸ்லக்கில் வரம்பைத் தாண்டிவிடலாம். உரிமமில்லாத வரம்புக்குள் வைத்திருப்பவர்கள் புது டப்பா திறந்தவுடன் வேகத்தை அளந்து, ஜூலைக் கணக்கிட்டுவிட வேண்டும்.

பேரலைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத்தான் பலர் தாவிவிடுகிறார்கள். நானும் தாவியிருக்கிறேன்.

மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் துப்பாக்கி என்றால் ஸ்லக் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். அதன் பிஸ்டன் முன்னே பாய்ந்து காற்றை அமுக்கும்போது குண்டு சட்டென்று நகர வேண்டும். இறுக்கமான ஸ்லக் நகரத் தாமதித்தால் பிஸ்டன் எகிறிப் பின்வாங்கும். வேகமும் ஒழுங்காக வராது, துப்பாக்கிக்கும் நல்லதல்ல.

பிசிபி என்றால் மூன்று விவரங்களைத் தேடுங்கள். முதலாவது, ட்விஸ்ட் ரேட். வரிப்பள்ளம் எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது என்பது. பெல்லட்டுக்கென்று செய்த பேரல்களில் 16 முதல் 18 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது சாதாரணம். ஸ்லக் நீளமாக நீளமாக வேகமான சுற்று வேண்டும். பம்பரம் உயரமாக இருந்தால் கயிற்றை இன்னும் வேகமாக இழுக்க வேண்டாமா, அதுபோல. உங்கள் பேரலின் சுற்று மெதுவானது என்றால் குட்டையான, எடை குறைந்த ஸ்லக்கிலிருந்து தொடங்குங்கள்.

பெல்லட்டுக்குச் சுழற்சி மிஞ்சினாலும் தொல்லைதான். போகும் வேகம் மளமளவென்று குறையும், சுழற்சியோ அவ்வளவாகக் குறையாது. தூரம் போகப் போகப் பாதை கீழே வளையும்போது, சுழலும் தலை அந்த வளைவைப் பின்தொடராமல் அடம்பிடிக்கும். வெயில் முதுகுப்பக்கம் இருக்கும் காலை நேரத்தில் ஸ்கோப்பில் பார்த்தால் இதைக் கண்ணாலேயே காணலாம். வெள்ளிப் புள்ளி ஒன்று நேராகப் போய்க்கொண்டே இருக்கும். எழுபது, எண்பது மீட்டர் தாண்டியதும் திருகாணியின் மரை போலச் சுற்றிச் சுற்றி இறங்கும். அதை முதன்முறை பார்த்தபோது, தாளில் அத்தனை நாள் புரியாமலிருந்த ஓட்டைகள் எல்லாம் ஒரே நொடியில் புரிந்தன.

இரண்டாவது, சோக். பெல்லட் பேரல்கள் பலவற்றில் வாய்ப்பக்கம் துளையை மிகச் சிறிதாக ஒடுக்கியிருப்பார்கள். பெல்லட்டின் தலையையும் பாவாடையையும் ஒரே அளவாக்கி வெளியே விட அது உதவும். திடமான ஸ்லக்குக்கு அதே ஒடுக்கம் பெரிய உராய்வு. சோக் உள்ள பேரலில் ஸ்லக் நன்றாகச் சுடவே சுடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சந்தேகத்தோடு தொடங்குங்கள்.

மூன்றாவது, துளையின் அளவு. ஸ்லக் டப்பாவில் 0.217 என்றோ 0.218 என்றோ அங்குலக் கணக்கில் எழுதியிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்குதான். பெல்லட் இதைப் பாவாடையால் சமாளிக்கும், ஸ்லக்குக்கு அந்த வசதி இல்லை. கண்டுபிடிக்கும் வழி இது: துப்பாக்கியில் குண்டு இல்லை, காற்றும் முழுவதுமாக வெளியேறிவிட்டது என்று உறுதி செய்யுங்கள். ஒரு ஸ்லக்கை வைத்து, பேரலைக் கீறாத உறையிட்ட கம்பியால் மெதுவாக மறுமுனை வரை தள்ளுங்கள். வெளியே வந்ததை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வரிப்பள்ளத்தின் தடம் சுற்றிலும் ஒரே ஆழத்தில் தெளிவாக இருந்தால் அளவு பொருந்துகிறது. ஒரு பக்கம் மட்டும் தடம் இருந்தாலோ தடமே மங்கலாக இருந்தாலோ சிறியது. கம்பியைச் சுத்தியல்கொண்டு தட்ட வேண்டியிருந்தால் பெரியது.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். கடையில், "0.218 எல்லாப் பேரலுக்கும் போகும்" என்றார்கள். நம்பி நான்கு டப்பா வாங்கினேன். மூன்றாவது சூட்டில் வழக்கமான "டப்" சத்தத்துக்குப் பதில் "புஸ்" என்று ஒரு மெல்லிய சத்தம். தாளில் ஓட்டை இல்லை. குண்டு பேரலுக்குள்ளேயே நின்றுவிட்டது. அந்த நொடியில் கை தானாக அடுத்ததை ஏற்றப் போகும். ஏற்றக் கூடாது. பேரலைப் பாதுகாப்பான பக்கமே வைத்துக்கொண்டு, காற்றை முழுவதும் வெளியேற்றிவிட்டு, பிறகுதான் கம்பியால் தள்ளி எடுக்க வேண்டும். சத்தம் மாறினால் நிறுத்து என்பதைப் பழக்கமாகவே ஆக்கிக்கொள்ளுங்கள்.

மேகசினின் ஆழத்தையும் பார்த்துவிடுங்கள். நீளமான ஸ்லக் சில மேகசின்களில் உட்காராது. ஒவ்வொன்றாக ஏற்றும் தட்டு இருந்தால் கவலையில்லை.

வாங்குவது

இரண்டு பெல்லட், மூன்று ஸ்லக், அதற்குமேல் வேண்டாம். பெல்லட்டில் செக் நாட்டு ஜேஎஸ்பியின் 18.13 கிரெய்ன் நல்ல தொடக்கம். பாயின்ட் 22 பிசிபி வைத்திருப்பவர்களிடம் அது பெரும்பாலும் ஒரு டப்பாவாவது இருக்கும். ஸ்லக்கில் ஜெர்மனியின் ஹெச் அண்ட் என் ஒரே வடிவத்தை 20களின் தொடக்கத்திலிருந்து 30 கிரெய்ன் வரை பல எடைகளில் தருகிறது. அமெரிக்காவின் நீல்சன், ஜேஎஸ்பியின் நாக்அவுட் என்று மற்றவையும் உண்டு. எடையை ஒரேயடியாகத் தாவாமல் 21, 23, 25 என்று அருகருகே எடுங்கள். ஸ்லக்கின் விலை பெல்லட்டைவிடக் கூடுதல் என்பதால், யாராவது நண்பரிடம் பத்து இருபது கேட்டு வாங்கிச் சுட்டுப் பார்த்துவிட்டு டப்பா வாங்குவது புத்திசாலித்தனம்.

டப்பாவைத் திறந்ததும் இருபதை எடுத்து நகை எடைபோடும் சிறிய தராசில் நிறுங்கள். எடை வித்தியாசம் அதிகமிருந்தால் பிரித்து வையுங்கள். பெல்லட் என்றால் ஒவ்வொன்றின் பாவாடையையும் பாருங்கள். பயணத்தில் குலுங்கி ஓரம் நசுங்கியிருக்கும். விரல்நுனியில் உருட்டினால் நசுங்கியது துள்ளும். அதைத் தொலைதூரத்துக்கு வைக்காதீர்கள், 10 மீட்டர் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். ஈயம் தொட்ட கையோடு சாப்பிட வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

வேகத்தை ஒழுங்குபடுத்துங்கள்

குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். இரவல் வாங்கியாவது வையுங்கள்.

பேரலைச் சுத்தம் செய்து, சோதிக்கப் போகும் குண்டில் பத்துப் பதினைந்து சுட்டுவிட்டு அளக்கத் தொடங்குங்கள். ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறியதும் முதல் சில சூடுகள் அலைபாயும். பேரலுக்குள் படியும் ஈயப் பூச்சு மாறிச் சமன்படும் வரை அப்படித்தான்.

பெல்லட்டுக்கு விநாடிக்கு 260 முதல் 280 மீட்டருக்குள் தேடுங்கள். அதற்குமேல் போனால் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றின் எதிர்ப்பு திடீரென்று ஏறும், இறகுப்பந்து வடிவம் அங்கே தடுமாறும். ஸ்லக்குக்கு 275 முதல் 295 வரை தேடலாம். ஒலியின் வேகம் 20 டிகிரியில் 343 மீட்டர், 0 டிகிரியில் 331. ஆகவே கோடையில் சரியாக இருந்த அமைப்பு, எங்கள் ஊர் நவம்பர் குளிரில் எல்லைக்கு நெருக்கமாகிவிடும். குளிர்ந்த காற்று அடர்த்தியும் கூடியது. கோடையில் குறிக்கு நேராக அமைத்த ஸ்கோப்பை நவம்பரில் மறுபடியும் சரிபார்க்காமல் சுடாதீர்கள்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்க வெளியே திருகும் ஹேமர் ஸ்பிரிங் சக்கரம் இருந்தால் ஒரு நேரத்தில் ஒரு புள்ளி மட்டும் நகர்த்தி, பத்துச் சூட்டின் வேகங்களை எழுதுங்கள். காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரைக் கழற்றும் வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள். உள்ளே நூறு பாருக்குமேல் அழுத்தம் இருக்கிறது. நீங்கள் தேடுவது அதிகபட்ச வேகத்தை அல்ல, பத்துச் சூட்டில் மிக நெருக்கமாக வரும் வேகத்தை. வேகம் 5 மீட்டர் மாறினால் 100 கெஜத்தில் பெல்லட் 3 செ.மீ. மேலோ கீழோ படும், ஸ்லக் 2 செ.மீ.

தாளில் சுடுவது

இடத்தைப் பற்றி முதலில். ஸ்லக் பெல்லட்டைவிட மிகத் தொலைவு ஆற்றலோடு போகும். கல்லிலோ தண்ணீரிலோ பட்டால் தெறித்து வேறு பக்கம் பாயும். பெல்லட்டுக்குப் போதுமாயிருந்த பலகைத் தடுப்பு ஸ்லக்குக்குப் போதாது. உயரமான மண்மேடு உள்ள, அனுமதி பெற்ற தளத்தில் மட்டும் சுடுங்கள். வீட்டுப் பின்புறம் அதற்கான இடம் அல்ல. கண்ணாடி அணியுங்கள். பறவை, அணில் எதையும் குறிவைக்காதீர்கள். இந்தியாவில் அது வனவிலங்குச் சட்டப்படி குற்றமும்கூட.

உறுதியான மேசை, முன்னே ஒரு மணல் பை, பின்கட்டைக்கு அடியில் ஒரு சிறு பை. 50 மீட்டரில் தொடங்குங்கள். நேராக 100 கெஜத்துக்குப் போனால் காற்று, வேகம், பொருத்தம் மூன்றும் குழம்பி, எது பிழை என்றே தெரியாது. காற்று எழும் முன், விடியற்காலையில் போங்கள்.

ஒவ்வொரு குண்டிலும் ஐந்து சூடு கொண்ட ஐந்து குரூப் சுடுங்கள், மொத்தம் 25. ஒவ்வொரு குரூப்பிலும் மிகத் தொலைவான இரு ஓட்டைகளின் மையத்துக்கு மையம் அளந்து, ஐந்தின் சராசரியை எடுங்கள். மூன்று சூட்டில் வந்த அழகான குரூப்பைப் படம் எடுத்துக் காட்டுபவர்கள் நிறைய. அதை வைத்து டப்பா வாங்காதீர்கள். மூன்று குண்டு ஒரே ஓட்டையில் போவது எந்தத் துப்பாக்கிக்கும் ஒரு நாள் நடக்கும். விட்டுவிலகிய ஒன்றை "அது என் தப்பு" என்று கணக்கிலிருந்து நீக்கவும் வேண்டாம். விசையை இழுத்த கணத்தில், குண்டு படும் முன்பே "தவறிவிட்டது" என்று வாய்விட்டுச் சொன்னால் மட்டும் நீக்கலாம்.

இன்று பெல்லட் முதலில், ஸ்லக் பிறகு என்றால், அடுத்த நாள் ஸ்லக்கை முதலில் சுடுங்கள். காலைக் காற்றின் அமைதி எப்போதும் ஒன்றுக்கே கிடைத்துவிடக் கூடாது.

50 மீட்டரில் தேறியவற்றை மட்டும் 100 கெஜத்துக்குக் கொண்டு செல்லுங்கள். 50இல் 2 செ.மீ. குரூப் வந்தால் 100 கெஜத்தில் 4 செ.மீ.க்குச் சற்றுக் கீழே எதிர்பார்க்கலாம். அதையொட்டி வந்தால் குண்டு நிலையாகப் பறக்கிறது. 7, 8 என்று வெடித்து விரிந்தால், நடுவழியில் எங்கோ நிலை குலைகிறது. பெல்லட்டில் இந்த வெடிப்பை அடிக்கடி பார்ப்பீர்கள்.

தாள் சொல்வது என்ன

ஓட்டைகள் மேலும் கீழுமாகக் கோடு போட்டால் வேகம் மாறுகிறது. குரோனோகிராஃபுக்குத் திரும்புங்கள். பக்கவாட்டில் படர்ந்தால் காற்று, அல்லது ரைஃபிளைச் சாய்த்துப் பிடிக்கிறீர்கள். ஸ்கோப் மீது சிறிய நீர்மட்டக் குமிழி ஒன்றை மாட்டினால் சாய்வு தெரிந்துவிடும். எல்லாத் திசையிலும் உருண்டையாகப் பெரிதானால் அளவுப் பொருத்தமோ சுழற்சியோ சரியில்லை. குண்டை மாற்றுங்கள், ஸ்கோப்பைத் திருகிப் பயனில்லை. நான்கு சேர்ந்து ஒன்று மட்டும் எட்டிப்போனால் ஏற்றும்போது நசுங்கியதா என்று பாருங்கள்.

ஓட்டையின் வடிவத்தையும் உற்றுக் கவனியுங்கள். தாளுக்குப் பின்னே கெட்டி அட்டை ஒட்டினால் வட்டம் சுத்தமாக விழும். ஸ்லக் ஓட்டை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் இருந்தால் அது பக்கவாட்டில் சாய்ந்தபடி வந்து படுகிறது. பம்பரம் தள்ளாடுகிறது. அந்த எடை அந்தப் பேரலுக்கு ஒத்துவராது. எடை குறைந்ததை எடுங்கள், அல்லது வேகத்தைச் சிறிது மாற்றிப் பாருங்கள். ஒரு முறை 25 கிரெய்னில் எல்லா ஓட்டையும் முட்டை வடிவம். அதே டப்பா வரிசையின் 21 கிரெய்னில் எல்லாம் வட்டம், குரூப்பும் பாதியானது. நான்கு கிரெய்ன் என்பது கால் கிராமுக்குச் சற்று மேல்.

காற்றோடு சுடுவது

அமைதியான காலையில் தேர்வு முடிந்ததும், வேண்டுமென்றே காற்றடிக்கும் மதியத்தில் ஒரு முறை போங்கள். ஸ்லக்கின் பலன் அங்கேதான் வெளிப்படும். அமைதியான காற்றில் நல்ல பெல்லட் ஸ்லக்கோடு தோளோடு தோள் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ரிப்பன் பறக்கத் தொடங்கியதும்தான் இடைவெளி திறக்கும்.

மெல்லிய ரிப்பன் கட்டிய குச்சிகளை 20, 50, 80 மீட்டரில் நடுங்கள். புதியவர்கள் குறிக்கு அருகிலுள்ள ரிப்பனையே பார்க்கிறார்கள். உங்களுக்கு அருகிலுள்ளதுதான் பெரிதும் கணக்கு. அங்கே விலகிய கோணம் மீதித் தூரம் முழுக்க வளர்கிறது. காற்றைத் துரத்தி ஒவ்வொரு சூட்டுக்கும் ஸ்கோப்பைத் திருகாதீர்கள். ஒரு நிலையைத் தேர்ந்தெடுத்து, ரிப்பன்கள் அதே நிலைக்குத் திரும்பும்வரை காத்திருந்து சுடுங்கள். அரிசோனாவில் நடக்கும், மேசையில் ரைஃபிளைத் தாங்கிவைத்துச் சுடும் எக்ஸ்ட்ரீம் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளில் 100 கெஜத்தில் சுடுபவர்களுக்கு நேரத்தில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்பில்தான் போகும்.

முடிவெடுப்பது

உங்கள் தாள்கள் இப்போது கையில் இருக்கின்றன. சுடும் தூரம் 50 மீட்டருக்குள் என்றால் பெல்லட்டிலேயே இருங்கள். மலிவு, எந்தப் பேரலோடும் ஒத்துப்போகும், மண்மேட்டுக்குப் பின்னாலுள்ளவர்களுக்கும் ஆபத்துக் குறைவு. 50இலிருந்து 75 வரை என்றால் உங்கள் தளத்தில் எவ்வளவு காற்று என்பதைப் பொறுத்தது. 75க்கு மேல், 40 ஜூலுக்கு மேல், பொருந்தும் பேரல், இந்த மூன்றும் சேர்ந்தால் ஸ்லக்குக்குப் போங்கள், தயங்க வேண்டாம். காற்றடித்த மதியத்தின் சராசரியில் ஸ்லக் தெளிவாக முந்தவில்லை என்றால் அந்தப் பேரலுக்கு அந்த ஸ்லக் வேண்டாம்.

ஒன்றைத் தேர்ந்ததும் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடாதீர்கள். ஸ்கோப் அமைப்பும் வேறு, பேரலின் பூச்சும் வேறு. டப்பா மூடியில் மார்க்கரால் எழுதுங்கள்: பேரல் எது, சக்கரம் எந்தப் புள்ளியில், சராசரி வேகம், வெப்பநிலை, 50இலும் 100இலும் வந்த சராசரி குரூப், தேதி. டப்பா தீர்ந்து அடுத்தது வாங்கும்போது அடியில் அச்சிட்ட தயாரிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். எண் மாறியிருந்தால், 50 மீட்டரில் ஐந்து குரூப் மறுபடியும் சுட்டுப் பார்த்த பிறகுதான் பழைய எண்களை நம்ப வேண்டும்.